விமான நிலையத்தை விலைக்கு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுபவர்களுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் தரையை விட்டுக் கிளம்பினாலே பெரிய சாதனை. இரண்டாவது கட்டத்தில் விமானத்தை உடைக்காமல் தரையிறக்கினால் போதும். மூன்றாவது கட்டம்தான் செலவு வைப்பது. பத்திரமாக இறங்கி ஜன்னல் வழியே பார்த்தால், எந்த ஊருக்குப் போனாலும் அதே பெட்டிக் கட்டடம், அதே சாம்பல் நிறக் கூரை. "இது அந்த ஊர் மாதிரியே இல்லையே!" என்று ஒரு முறை தோன்றிவிட்டால் போதும், அன்றிரவே ஆட்-ஆன் சீனரி தேடும் படலம் தொடங்கிவிடும்.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 37,000க்கும் மேற்பட்ட விமான நிலையங்கள் இருந்தன. ஆனால் அவற்றில் மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தவை சாதாரணப் பதிப்பில் வெறும் 30. விலை உயர்ந்த பதிப்பில் 40. மற்றவை எல்லாம் செயற்கைக்கோள் படத்தையும் தகவல் பட்டியலையும் வைத்துக் கணினியே போட்டுக்கொண்ட குத்துமதிப்பான வடிவங்கள். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் ஆட்-ஆன் சீனரி. ஒரு குறிப்பிட்ட விமான நிலையத்தை யாரோ ஒருவர் அல்லது ஒரு சிறு குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கி, இலவசமாகவோ விலைக்கோ தருகிறார்கள்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. வாங்குபவர் எதை வைத்து முடிவு செய்கிறார்? பெரும்பாலும் படங்களை வைத்து. மாலை வெயிலில் மின்னும் கண்ணாடிச் சுவர், டெர்மினலுக்குள் வரிசையாக நாற்காலிகள், காப்பிக் கடையின் பெயர்ப்பலகை, தரையில் எண்ணெய்க் கறை. விமர்சனம் எழுதுபவர்களும் அதே படங்களைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை காக்பிட்டிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. விமானத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, பறக்கும் கேமராவை டெர்மினல் வாசல் வரை கொண்டுபோய் எடுத்தவை. விமானியின் இருக்கையிலிருந்து ஒருபோதும் கண்ணில் படாத மூலைகள் அவை.

மைசூர் அரண்மனையின் படத்தை வாங்குபவர் அழகைப் பார்த்து வாங்கலாம். ஆனால் விமான நிலையம் என்பது பயன்படுத்தும் பொருள். அதில் இறங்க வேண்டும், ஓட வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். ஆகவே அதை மதிப்பிட ஒரே ஒரு அடிப்படைக் கேள்விதான் இருக்க முடியும்: உண்மையான விமானி அங்கே எதைப் பார்த்து முடிவெடுப்பாரோ, அது சரியாக இருக்கிறதா?

காய் டாக் சொல்லும் பாடம்

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, இன்று உலகத்தில் இல்லாத ஒரு விமான நிலையம். ஹாங்காங்கின் பழைய காய் டாக். 1998 ஜூலை 6ஆம் தேதி அது மூடப்பட்டது. அதற்குப் பிறகும் சிமுலேட்டர் ஆர்வலர்கள் விடாமல் அதைத் தேடித்தேடி நிறுவுகிறார்கள்.

காரணம், அதன் 13ஆம் எண் ஓடுபாதையில் இறங்கும் முறை. சாதாரணமாக ஒரு பெரிய விமான நிலையத்தில், ரேடியோ அலைக் கற்றை ஒன்று விமானத்தை நேராக ஓடுபாதையின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வரும். காய் டாக்கில் அது முடியாது. ஓடுபாதைக்கு வடக்கே மலைகள். சிங்கப் பாறை என்ற குன்று மட்டுமே சுமார் 495 மீட்டர் உயரம். எனவே அலைக் கற்றையை ஓடுபாதையை நோக்கி அமைக்காமல் வேறொரு குன்றை நோக்கி அமைத்தார்கள். அந்தக் குன்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய சதுரங்கக் கட்டங்கள் வரைந்திருந்தார்கள். விமானம் 88 டிகிரி திசையில் அந்தக் குன்றை நோக்கியே இறங்கி வரும். கட்டங்கள் கண்ணில் தெளிவாகப் பட்டதும் விமானி கையால் ஓட்டி வலப்பக்கம் திரும்ப வேண்டும். 47 டிகிரித் திருப்பம். திருப்பத்தைத் தொடங்கும்போது உயரம் சுமார் 650 அடி. திருப்பம் முடிந்து ஓடுபாதைக்கு நேராக வரும்போது சுமார் 140 அடி. கீழே கௌலூன் நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகள், மொட்டை மாடிகளில் டிவி ஆன்டெனாக்கள்.

இந்த விமான நிலையத்தின் சீனரியை ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலை அற்புதமாகச் செய்துவிட்டார். விளம்பரப் பலகைகள்கூட அப்படியே இருக்கின்றன. ஆனால் சதுரங்கக் குன்று கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அல்லது மலையின் உயரம் போதவில்லை, அல்லது அலைக் கற்றையின் திசை ஒரு டிகிரி பிசகியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கடல் மைல் தூரத்தில் ஒரு டிகிரிப் பிழை என்பது சுமார் 65 மீட்டர் விலகல். பெரிய விமான நிலையங்களின் ஓடுபாதை அகலமே 45 முதல் 60 மீட்டர்தான்! ஆக, டெர்மினல் எவ்வளவு அழகாக இருந்தாலும், காய் டாக்கை காய் டாக் ஆக்கிய ஒரே விஷயம் அங்கே இல்லை. அது வேறு ஏதோ ஒரு விமான நிலையம். காய் டாக் என்று பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருக்கிறார்கள்.

இதையே தலைகீழாகப் பாருங்கள். டெர்மினல் ஒரு சாதாரணப் பெட்டி. ஆனால் குன்று அதன் இடத்தில் இருக்கிறது, கட்டங்கள் சரியான தூரத்தில் கண்ணில் படுகின்றன, குடியிருப்புகள் சரியான உயரத்தில் நிற்கின்றன, ஓடுபாதையின் இரண்டு பக்கமும் கடல் இருக்கிறது. அந்தத் திருப்பத்தை முதல் முறை சரியாக எடுத்து முடிக்கும்போது உள்ளங்கை வியர்க்கும். படத்தில் போட்டால் இந்தச் சீனரி சுமாராகத்தான் தெரியும். ஆனால் உயர்ந்தது இதுதான்.

விளக்குகள் பொய் சொல்லலாமா?

குன்று, மலை எல்லாம் சில ஊர்களின் தனிச்சிறப்பு. எல்லா ஊருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள். பேப்பி என்று பெயர். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் வருகிறீர்கள். நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம். நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு, ஆபத்து. பெரும்பாலான விமான நிலையங்களில் இது மூன்று டிகிரிச் சரிவுக்கு வைக்கப்பட்டிருக்கும்.

லண்டன் சிட்டி விமான நிலையத்தில் அப்படி இல்லை. நகரத்தின் நடுவில், உயரமான கட்டடங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே இறங்கும் சரிவு 5.5 டிகிரி. ஓடுபாதையின் நீளமும் 1,508 மீட்டர்தான். மூன்று டிகிரியில் வந்தால், இறங்கும் இடத்துக்கு ஒரு கடல் மைல் முன்னால் உயரம் சுமார் 320 அடி. 5.5 டிகிரியில் வந்தால் சுமார் 585 அடி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சீனரி செய்தவர் பேப்பி விளக்கை வழக்கம்போல் மூன்று டிகிரிக்கே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வரைபடத்தைப் படித்து ஒழுங்காக 5.5 டிகிரியில் வருபவருக்கு நான்கு வெள்ளை விளக்குகள் தெரியும். "நீ தப்பாக வருகிறாய்" என்று விளக்கு சொல்லும். சரியாகச் செய்பவரைத் தவறு என்றும், தவறாகச் செய்பவரைச் சரி என்றும் சொல்லும் வாத்தியார் ஒருவர் கிடைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும்.

இத்தனைக்கும் இதைச் சரிசெய்ய ஓவியத் திறமை தேவையில்லை. எடிட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். செய்தவர் அந்த எண்ணைக் கவனித்தாரா என்பது, அவர் அந்த விமான நிலையத்தின் வரைபடத்தைத் திறந்து பார்த்தாரா என்பதற்கான சாட்சி.

நேபாளத்தின் லுக்லா இன்னொரு கதை. எவரெஸ்டுக்கு ஏறப்போகிறவர்கள் இறங்கும் இடம். ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர். அதைவிட முக்கியம், அது சமமாக இல்லை, ஏறக்குறைய 11.7 சதவீதச் சரிவு. அதாவது ஒரு முனைக்கும் மறு முனைக்கும் சுமார் 60 மீட்டர் உயர வித்தியாசம், கிட்டத்தட்ட இருபது மாடிக் கட்டடம் அளவு. மேட்டை நோக்கி இறங்குவதால்தான் அவ்வளவு குட்டை ஓடுபாதையில் விமானம் நிற்கிறது. பள்ளத்தை நோக்கி ஓடுவதால்தான் கிளம்ப முடிகிறது. ஆனால் பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்களில் விமான நிலையம் என்றால் தட்டையாகத்தான் இருக்கும். லுக்லா ஒரு மேசை மாதிரி மலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் குறையைச் சுற்றி வழி கண்டுபிடித்து, கண்ணுக்குத் தெரியாத சாய்தளங்களைப் பொருத்திச் சரிவைக் கொண்டுவந்த ஆர்வலர்களின் உழைப்புதான் மெச்சத்தக்கது. 2020 பதிப்பிலிருந்து சரிவான ஓடுபாதை சாத்தியமாகிவிட்டது. வசதி வந்த பிறகும் ஒருவர் லுக்லாவைத் தட்டையாகச் செய்து விற்றால், பின்னணியில் இமயமலை எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் தரக் கூடாது.

அழகுக்கும் ஒரு விலை உண்டு

சரி, துல்லியமும் இருக்கிறது, அழகும் இருக்கிறது. அப்போது என்ன குறை? கணினி குறை!

டெக்ஸ்சர் என்பது கட்டடத்தின் மேல் ஒட்டும் படம். 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தைச் சுருக்காமல் வைத்தால் 64 மெகாபைட். கிராஃபிக்ஸ் கார்டு புரிந்துகொள்ளும் முறையில் சுருக்கினாலும், ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்ற கணக்கில் 16 மெகாபைட். அப்படி நூறு படங்கள் இருந்தால் 1.6 கிகாபைட். 4 கிகாபைட் கிராஃபிக்ஸ் நினைவகம் உள்ள ஒரு கணினியில், விமானமும் மேகமும் நகரமும் வருவதற்கு முன்பே, விமான நிலையம் ஒன்றே ஐந்தில் இரண்டு பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

2006இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் காலத்தில் இது இன்னும் கொடுமை. அது 32 பிட் மென்பொருள். அதனால் எவ்வளவு நினைவகம் பொருத்தினாலும் 4 கிகாபைட்டுக்கு மேல் அதனால் தொட முடியாது. நான்கு மணி நேரம் பறந்து வந்து, ஓடுபாதை கண்ணில் படும் நேரத்தில், நினைவகம் தீர்ந்துவிட்டது என்று ஒரு அறிவிப்போடு எல்லாம் மூடிக்கொள்ளும். அந்த வலி அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போதைய சிமுலேட்டர்கள் 64 பிட். மூடிக்கொள்வது குறைந்துவிட்டது. ஆனால் திக்குவது நிற்கவில்லை. இதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு ஜெட் விமானம் நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்குகிறது என்றால், அரை வினாடியில் அது ஆறு அடி இறங்கும். தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கும் வேலை சுமார் 30 அடியில்தான் தொடங்குகிறது. அந்த இடத்தில் திரை அரை வினாடி உறைந்தால், இருக்கும் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அதற்குப் பிறகு இடித்தால், தவறு விமானியுடையதா, காப்பிக் கடை பெயர்ப்பலகையுடையதா?

நல்ல சீனரி செய்பவர்களுக்கு இது தெரியும். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு எளிய வடிவம், பக்கத்தில் வரும்போது விரிவான வடிவம் என்று படிப்படியாக அமைப்பார்கள். டெர்மினலின் உட்புறத்தை வேண்டாதவர் நிறுத்திக்கொள்ள ஒரு வசதி வைப்பார்கள். இதெல்லாம் எந்தப் படத்திலும் தெரியாது. ஆனால் இதுதான் கைத்திறமை. எல்லாவற்றையும் மிகப் பெரிய அளவில் போட்டுவிட்டு "நல்ல கணினி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது திறமை ஆகாது. விமர்சனம் எழுதுபவர் விலையுயர்ந்த கணினி வைத்திருந்தால், அதில் நன்றாக ஓடியது என்பது மாணவர் ஒருவரின் பழைய மடிக்கணினிக்கு எந்தச் செய்தியும் அல்ல. என்ன கணினி, என்ன அமைப்பு, இந்தச் சீனரி இல்லாதபோது எவ்வளவு வேகம், இருக்கும்போது எவ்வளவு வேகம் என்று இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அது தகவல்.

எந்த வருடத்து விமான நிலையம்?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. விமான நிலையம் என்பது கோயில் கோபுரம் மாதிரி அப்படியே நிற்பதல்ல. டாக்ஸிவேக்களின் பெயர் மாறும், புது டெர்மினல் முளைக்கும். ஏன், ஓடுபாதையின் எண்ணே மாறும்! ஓடுபாதைக்கு எண் வைப்பது காந்த திசையை வைத்து. பூமியின் காந்த வடக்கு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எண்ணை மாற்ற வேண்டிவரும். லண்டனுக்கு அருகே உள்ள ஸ்டான்ஸ்டெட்டில் 05/23 என்று இருந்த ஓடுபாதை 2009இல் 04/22 ஆனது. விமானப் பயணத் தகவல்களோ உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. சீனரியில் தரையில் 05 என்று எழுதியிருக்க, கையில் உள்ள வரைபடம் 04 என்று சொன்னால், புதிதாகப் பழகுபவர் குழம்பிப் போவார்.

பழையதாக இருப்பது குற்றமில்லை. எந்த வருடம் என்று சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். "இது 1998இல் இருந்த காய் டாக்" என்று சொல்லிவிட்டால் அது ஒரு வரலாற்று ஆவணம். சொல்லாமல் 1970களின் டெர்மினலையும் 1990களின் விமான நிறுத்துமிடங்களையும் கலந்து வைத்தால் அது எந்த நாளிலும் இருந்திராத ஓர் இடம். செயற்கைக்கோள் படங்களை நம்பியிருக்கும் புதிய சிமுலேட்டர்களில் இந்தக் கலப்படம் இன்னும் எளிதாக நடந்துவிடும். காய் டாக் இருந்தவரை விமானங்களுக்காகக் கௌலூனில் கட்டடங்களின் உயரத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. விமான நிலையம் போன பிறகு அங்கே கோபுரங்கள் எழுந்தன. பழைய ஓடுபாதையின் முனையில் 2013இல் பயணக் கப்பல் முனையம் திறந்தார்கள். 2025இல் அந்த நிலத்தில் பெரிய விளையாட்டு அரங்கமும் திறக்கப்பட்டது. 1998இன் ஓடுபாதையை இன்றைய நகரத்தின் நடுவில் வைத்தால், அந்தக் காலத்து விமானி ஒருபோதும் பார்த்திராத கோபுரங்களுக்கு இடையில் இறங்க வேண்டியிருக்கும். சுற்றுப்புறத்தையும் பின்னோக்கிக் கொண்டுபோனவர்தான் வேலையை முழுதாகச் செய்தவர்.

இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரைத் திறந்தவுடன் விமானம் நிற்கும் இடம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு. ஏரிக் கரையில் ஒரே ஒரு ஓடுபாதை, பக்கத்தில் வானளாவிய கட்டடங்கள். உலகம் முழுவதும் எத்தனையோ பேர், சிகாகோவை வாழ்நாளில் பார்க்காதவர்கள்கூட, அந்த ஓடுபாதையில்தான் முதன்முதலில் பறக்கக் கற்றுக்கொண்டார்கள். 2003 மார்ச் 30ஆம் தேதி இரவு, நகர மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவின் பேரில் புல்டோசர்கள் வந்து ஓடுபாதையின் நடுவில் பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டன. 16 விமானங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன. முன்னறிவிப்பு இல்லாமல் செய்ததற்காக நகர நிர்வாகம் பின்னர் 33,000 டாலர் அபராதம் கட்டியது. விமான நிலையம் திரும்பி வரவில்லை. இன்று அது பூங்கா.

பெர்லினின் டெம்பெல்ஹோஃப் 2008 அக்டோபர் 30இல் மூடப்பட்டது. 1948-49இல் முற்றுகையிடப்பட்ட மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் வந்து இறங்கிய ஓடுபாதைகளில் இப்போது பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதே ஊரின் டேகல் 2020 நவம்பர் 8இல் கடைசி விமானத்தை அனுப்பி வைத்தது. இந்த இடங்களில் எல்லாம் இனி ஒருவர் விமானத்தில் இறங்க வேண்டுமென்றால் சிமுலேட்டர் ஒன்றுதான் வழி. புகைப்படம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது. ஆனால் "இங்கே இறங்குவது எப்படி இருந்தது" என்பதைக் கையால் உணர வேறு இடம் இல்லை. அப்படியானால் அங்கே நடக்கும் பிழை வெறும் விளையாட்டுப் பிழை அல்ல. இல்லாமல் போன ஒரு இடத்தைப் பற்றிய தவறான சாட்சியம். சரிபார்க்க மூல இடமே இல்லாததால், அந்தத் தவறே நாளை உண்மையாக நிலைத்துவிடும்.

மறுதரப்பும் நியாயமானதே

இவ்வளவும் படித்துவிட்டு ஒருவர் கேட்கலாம்: "எல்லோரும் விமானி ஆகப் போகிறார்களா? வேலை முடிந்து வந்து, அழகான ஒரு ஊரைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறவனுக்கு பேப்பி விளக்கின் டிகிரி எதற்கு?"

நியாயமான கேள்வி. விசா கிடைக்காதவர், டிக்கெட்டுக்குப் பணம் இல்லாதவர், ஒரு காலத்தில் வேலை பார்த்த ஊரை மறுபடி பார்க்க நினைப்பவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தான் பல ஆண்டுகள் வந்துபோன டெர்மினலின் நாற்காலியைத் திரையில் பார்த்து ஒருவர் கண் கலங்கினால், அந்த நாற்காலி வீண் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் இங்கேயும் பாருங்கள், அவரைக் கலங்க வைப்பது அழகு அல்ல, சரியாக இருப்பது. அந்த நாற்காலி அந்த நிறத்தில், அந்த இடத்தில் இருந்ததால்தான் அவருக்கு அது அவருடைய ஊர். வேறு எங்கிருந்தோ எடுத்துப் போட்ட பளபளப்பான நாற்காலியாக இருந்திருந்தால் அவர் கடந்து போயிருப்பார். அழகு வேண்டாம் என்பதல்ல வாதம். உண்மையின் மேல் வரும் அழகு வேண்டும். உண்மைக்குப் பதிலாக வரும் அழகு வேண்டாம்.

இலவசம் என்றால் விமர்சிக்கக் கூடாதா?

இன்னொரு சிக்கல். இலவசச் சீனரிகளைப் பற்றிக் குறை சொன்னால், "ஓசியில் கிடைத்ததற்கு இவ்வளவு பேச்சா?" என்ற பதில் வருகிறது. விலைக்கு வாங்கியதைக் குறை சொன்னால், "பாவம், சின்ன நிறுவனம்" என்ற பதில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் யாரும் எதையும் சொல்ல முடியாமல் போகிறது.

எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. தன்னார்வலர்கள் செய்து அனுப்பும் விமான நிலையங்களைப் பொதுவான ஒரு கிடங்கில் சேர்த்து, அடுத்தடுத்த பதிப்புகளில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ஒருவர் செய்ததில் டாக்ஸிவே தவறாக இருந்தால் அடுத்தவர் திருத்தி அனுப்பலாம். இங்கே குறை சொல்வது அவமரியாதை அல்ல, பங்களிப்பு. ஆனால் அந்தக் குறை பயன்படும்படி இருக்க வேண்டும். "சுமார்", "மொக்கை" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் யாருக்கும் லாபமில்லை. "வடக்குப் பக்க டாக்ஸிவேயின் எழுத்து வரைபடத்தில் பி, இங்கே சி" என்று சொன்னால் ஒரே மாலையில் சரியாகிவிடும். இலவசமாகச் செய்தவருக்கு மரியாதையாகச் சொல்ல வேண்டும், உண்மை. ஆனால் சொல்லாமல் விடுவது மரியாதை ஆகாது. காசு வாங்கியவரிடம் கேட்பதோ உரிமை. அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மூன்று பயணங்கள் போதும்

ஒரு சீனரியை மதிப்பிட மணிக்கணக்கில் கேமராவைச் சுற்ற வேண்டாம். மூன்று பயணங்கள் போதும், மூன்றும் காக்பிட்டிலிருந்து.

முதலாவது, பகலில், தெளிவான வானிலையில், அந்த ஊரின் உண்மையான வரைபடத்தை வைத்துக்கொண்டு இறங்குவது. அலைக் கற்றை ஓடுபாதைக்கோ, காய் டாக் மாதிரி வேறெங்கோ, எங்கே கொண்டுபோக வேண்டுமோ அங்கே கொண்டுபோகிறதா? பேப்பி விளக்கு வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா? வரைபடத்தில் குறித்த மலையும் கோபுரமும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா?

இரண்டாவது, இரவில், மழையில். பகலில் அழகாக இருக்கும் பல சீனரிகள் இரவில்தான் சாயம் வெளுக்கும். ஓடுபாதை விளக்குகள் எவ்வளவு தூரத்தில் தெரிகின்றன? டாக்ஸிவே விளக்குகள் பச்சையும் நீலமுமாக அதனதன் இடத்தில் இருக்கின்றனவா? கனமான மேகத்தோடு, கணினி மிகவும் திணறும் இந்த நேரத்தில் திரை திக்குகிறதா?

மூன்றாவது, பறக்கவே வேண்டாம். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதையின் தொடக்கம் வரை, பெயர்ப்பலகைகளை மட்டும் பார்த்துத் தரையில் ஓட்டிப்போவது. பலகை சொல்லும் வழியில் போனால் போய்ச் சேர முடிகிறதா? மற்ற விமானங்கள் தங்களுக்குரிய இடத்தில் நிற்கின்றனவா? ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் எவ்வளவு பெரிய விமானம், எந்த நிறுவனத்தின் விமானம் என்று குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. அதைச் சோம்பல்படாமல் நிரப்பியிருந்தால், பெரிய விமானம் சின்ன இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது.

இந்த மூன்றிலும் தேறிய பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு டெர்மினலுக்குள் தாராளமாகப் போகலாம். நாற்காலியை எண்ணலாம், காப்பிக் கடையைப் படம் எடுக்கலாம். மூன்றிலும் தேறாததற்குப் படம் எதற்கு?

பல மாதங்கள் சேர்த்த கைச்செலவுப் பணத்தில் ஒரு மாணவர் வாங்கும் ஒரே ஒரு விமான நிலையமாக அது இருக்கலாம். அவர் நம்பி வாங்குவது வேறொருவர் எழுதிய பத்து வரியை. அந்தப் பத்து வரியை எழுதுபவர் ஒரு முறையாவது சொந்தக் கையால் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு எழுதினால் போதும்.